ஒரு டீக்குப் பதினாறு வேலை

என் தம்பி டீ மாஸ்டர். சிறுசேரி சிப்காட் பக்கம், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வந்து நிற்கும் ஒரு கடையில் காலையும் மாலையுமாக நானூறு டீ ஆற்றியவன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி கடையை அடைத்துவிட்டு ஓ.எம்.ஆரில் படூருக்குத் திரும்பும்போது பைக்கோடு விழுந்தான். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்கின் மேல்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு நாள் "டீ போடட்டுமா அக்கா?" என்று தானாக எழுந்தான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பாலை அடுப்பில் வைத்தான். பற்றவைத்தான். பிறகு வாசலுக்குப் போய் நின்று, போகிற பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பால் பொங்கி அடுப்பை அணைத்து, கேஸ் வாடை கூடம் வரைக்கும் வந்த பிறகுதான் அம்மா ஓடினாள். "நானூறு டீ போட்டவனுக்கு ஒரு டீ போடத் தெரியலையாடா?" என்று அழுதாள். அவன் பதிலுக்குக் கத்தினான்.

அடுத்த வாரம் தெரபி மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு தாளை நீட்டி, "ஒரு டீக்கு எத்தனை வேலை? எழுதுங்க" என்றார். "நாலு இருக்கும்" என்றேன். எழுதிப் பார்த்தால் பதினாறு. டீ போட வேண்டும் என்று நினைப்பது, அடுக்களைக்குப் போவது, பாத்திரம் எடுப்பது, அளந்து ஊற்றுவது, சிலிண்டரைத் திறப்பது, லைட்டரைத் தட்டுவது, பக்கத்திலேயே நிற்பது என்று போய், கடைசியில் சிலிண்டரை மூடுவதில் முடிந்தது. தம்பி ஆறு வரை சரியாகச் செய்திருக்கிறான். டீ போடுவது அவனுக்கு மறக்கவில்லை. ஆறிலிருந்து ஏழுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற ஆள்தான் உள்ளே லீவில் இருந்தார்.

அந்த ஆள் யார், அவருக்கு என்ன ஆனது, வெளியே நிற்கும் நாம் என்ன செய்யலாம்? எனக்குப் புரிந்த மட்டும் சமையற்கட்டு பாஷையில் சொல்கிறேன். அப்பா கல்யாணச் சமையல்காரர். அதனால் அந்தப் பாஷைதான் எனக்கு வரும்.

தூக்குவாளித் தயிர்

முதலில், அடிபடும் நொடியில் நடப்பது. மண்டையோடு என்பது மூடிபோட்ட பாத்திரம். உள்ளே ஏறக்குறைய 1.4 கிலோ மூளை. கிட்டத்தட்ட இளநீர் வழுக்கையின் பதம். அதைச் சுற்றிலும் 150 மில்லி போல, ஒரு டம்ளர் அளவுக்குத் தெளிந்த நீர். சாதாரணக் குலுக்கலுக்கு அந்த நீர் மெத்தை போதும்.

இப்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு தூக்குவாளி நிறையக் கெட்டித் தயிரை மாட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று வையுங்கள். நாய் குறுக்கே பாய்கிறது. பிரேக் போடுகிறீர்கள். வாளியில் ஒரு நசுங்கல் இல்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் தயிர் உடைந்து நீர் விட்டிருக்கிறது. வேகமாகப் போன தலை சட்டென்று நின்றால் மூளைக்குள்ளும் இதுதான். மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு ஆங்காங்கே அறுந்துபோகின்றன. இந்தச் சின்னச் சின்ன அறுபடல் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லன்னாங்களே, அப்புறம் ஏன் இப்படி இருக்கான்?" என்று கேட்கிற எல்லோருக்கும் நான் தூக்குவாளியைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. மண்டையோட்டின் உள்தரை, முன்பக்கத்திலும் காதோரத்திலும் வழவழப்பாக இருக்காது. தேங்காய்த் துருவி மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். மூளை குலுங்கும்போது அந்த இரண்டு இடமும்தான் அதிகம் உரசிக் கன்றிப்போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

பிறகு வீக்கம். கால் சுளுக்கினால் வீங்குகிறது. வீங்குவதற்கு இடம் இருக்கிறது. மூளைக்கு அந்த இடம் இல்லை. மூடிய குக்கருக்குள் ஏறுவதுபோல அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் சில சமயம் மண்டையோட்டில் ஒரு பலகையை வெட்டி எடுத்து, மூளைக்கு வீங்க வழி விடுவார்கள். எடுத்த எலும்பை ஃப்ரீசரில் வைப்பார்கள், அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். வீக்கம் வடிந்த பிறகு அதை எடுத்து மறுபடி பொருத்துவார்கள். இதை அம்மாவுக்குப் புரியவைக்க அரைநாள் ஆனது. "கழற்றின மூடி தொலையாம இருக்க அதே வீட்டுப் பரண்ல போட்டு வச்சிருக்காங்கம்மா" என்றதும்தான் ஒத்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஆஸ்பத்திரியின் வேலை. 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த வேலை எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம். நான் சொல்ல வருவது 49-வது மணி நேரத்திலிருந்து.

ஈர விறகு

பிறகு, முழிப்பு வருவது. ஐ.சி.யு. வாசலில் "ஸ்கோர் எவ்வளவு?" என்ற பேச்சு காதில் விழும். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இரண்டு பேர் உண்டாக்கிய கணக்கு அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. அடிமட்டம் 3. அதில் பூஜ்யம் கிடையாது.

சினிமாவில் கோமாவிலிருந்து எழுபவர் கண்ணைத் திறந்ததும் "நான் எங்கே இருக்கேன்?" என்பார். 'மூன்றாம் பிறை'யில் வைத்தியம் முடிந்த கையோடு பழைய பெண் பளிச்சென்று திரும்பிவிடுகிறாள். நிஜத்தில் முழிப்பு வருவது ஈர விறகு பற்றுவது மாதிரி. முதலில் புகை. கண் திறந்திருக்கும், பார்வை யார் மேலும் நிற்காது. பிறகு நெருப்பு கொஞ்சம் எழும், அணையும். அப்புறம் ஒரு கட்டம் வரும். டியூபைப் பிடுங்குவார், நர்ஸை அடிப்பார், வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். என் தம்பி அம்மாவைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அது அவன் மனசில் இருந்தது இல்லை. பற்றப் பார்க்கும் விறகின் புகை. அந்த நாட்களில் பெரும்பாலானவை அவர்களுக்குப் பிறகு ஞாபகத்தில்கூட இருக்காது.

மூளைச்சாவு இதிலிருந்து முற்றிலும் வேறு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்ததும், பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்ததும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே அடுப்பே போய்விட்டது. கோமாவில் சாம்பலுக்கு அடியில் கங்கு இருக்கிறது. உறவினர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஒரு வீட்டில் வீண் நம்பிக்கையையும் இன்னொரு வீட்டில் வீண் பயத்தையும் உண்டாக்குவதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறையப் பார்த்துவிட்டேன்.

தலைமைச் சமையல்காரர்

இப்போது உள்ளே போவோம். ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணச் சமையற்கட்டில் அப்பா கரண்டியைத் தொட்டுப் பார்த்தது குறைவு. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "அரிசியை ஊறப்போடு." "சாம்பார் போதும், இறக்கு." "நீங்க ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க." தொடங்கு, அடுத்ததுக்குப் போ, நிறுத்து. இந்த மூன்றுதான் அவர் வேலை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி செய்வதும் இதே மூன்றுதான். துருவியில் உரசிய இடம் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது.

அப்பா ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? காய் நறுக்குபவருக்கு நறுக்கத் தெரியும். பாயசக்காரருக்குப் பாயசம் தெரியும். ஆனால் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஆரம்பித்தவர் நிறுத்த மாட்டார்.

அதனால், முதலில் தொடங்குவது. தம்பி காலையில் எழுந்து கட்டிலிலேயே பத்து மணி வரை உட்கார்ந்திருப்பான். "சோம்பேறி ஆயிட்டான்" என்றார் மாமா. கேஸ் இருக்கிறது, லைட்டர் இல்லை, அவ்வளவுதான் விஷயம். "எழுந்திரு, குளி, நேரமாச்சு" என்று பத்து முறை சொன்னால் பத்து முறை தலையாட்டுவான். ஒன்றும் சொல்லாமல் துண்டைக் கையில் கொடுத்தால் எழுந்துவிடுவான். முதல் பொறியை மட்டும் நாம் தட்ட வேண்டும். மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது என்பது வெட்கம்தான்.

பிறகு, நிறுத்துவது. கோபம். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். முன்பெல்லாம் அதே கோபம் அவனுக்கு வராமல் இல்லை. தலைமைச் சமையல்காரர் ஒரு பார்வையில் அடக்கிவிடுவார். பால் பொங்கும்போது யாரும் பாலோடு வாதாடுவதில்லை. தீயைக் குறைப்போம், கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். அதனால் இப்போது நாங்கள் செய்வது: டி.வி.யை நிறுத்துவது, பிள்ளைகளை வெளியே அனுப்புவது, நாங்களும் அடுத்த அறைக்குப் போய்விடுவது. கால் மணி நேரத்தில் அடங்கும். நியாயம் பேசுவதெல்லாம் மறுநாள்தான். அடி விழுகிற அளவுக்குப் போனால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

இந்தத் தலைமைச் சமையல்காரரைப் பற்றிப் பேசும்போது டாக்டர்கள் எல்லோரும் சொல்லும் பெயர் ஃபினியஸ் கேஜ். அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்து ரயில் பாதை மேஸ்திரி. 1848-ல் வெடி வைக்கும்போது ஓர் இரும்புக் கம்பி கன்னத்துக்குள் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. உயிர் பிழைத்தார், ஆனால் குணம் மாறிவிட்டது. கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1852-ல் அவர் சிலி நாட்டுக்குப் போய் ஏழு வருஷம் போல குதிரை வண்டி ஓட்டினார். விடியற்காலையில் எழுந்து, குதிரைகளைப் பூட்டி, பயணிகளை ஏற்றி, அதே பாதையில் போய்த் திரும்புகிற வேலை. தினமும் அதே வரிசை. உள்ளே இருந்த தலைமைச் சமையல்காரரின் வேலையில் பாதியை அந்த வரிசை செய்துகொடுத்திருக்க வேண்டும் என்று அவர் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கும் பதினாறு வரித் தாளும் அந்தக் குதிரை வண்டிதான்.

அஞ்சறைப் பெட்டியும் புள்ளிக் கோலமும்

அடுத்து சாமான் அறை. தலைக்குள் காதோரத்தில் உள்ளடங்கி இருக்கும் ஒரு சின்னப் பகுதிதான் அன்றன்றைக்கு வரும் சரக்கை வாங்கி அலமாரியில் அடுக்குகிறது. அங்கே அடி பட்டால் பழைய சரக்குக்கு அதிகச் சேதம் இருக்காது. புதிதாக வருவதுதான் வாசலிலேயே கிடந்து வீணாகும். தம்பிக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய கடைக் கணக்கு தெரியும். காலையில் மாத்திரை போட்டானா என்று தெரியாது. 'கஜினி' படம் மிகைப்படுத்தியது நிறைய, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ரொம்பத் தப்பில்லை.

அதனால் ஞாபகத்தைத் தலைக்கு வெளியே வைத்தோம். டப்பாக்களில் பெயர். மாத்திரைக்கு ஏழு நாள் பெட்டி. செல்போனில் அலாரம், வெறும் மணியாக இல்லாமல், "மத்தியான மாத்திரை" என்று என் குரலில். ஒரு நோட்டு, நடந்ததை அவன் கையாலேயே எழுத வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே என்று அம்மா தேடுவதில்லை, கை போய்விடுகிறது. எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், அதே இடம் என்று ஆனால் மூளைக்குத் தேடும் வேலை மிச்சம்.

இங்கே உறவினர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வருகிறவர்கள் எல்லோரும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அவன் தெரியாமல் "பெரியப்பா" என்று தப்பாகச் சொல்லிவிட்டால், இந்தச் சாமான் அறைக்குத் தப்பு எது சரி எது என்று பிரிக்கத் தெரியாது. சொன்ன தப்பையே அலமாரியில் ஏற்றிவிடும். அதனால் தப்பு நேர விடாமல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் தெரபி மேடம். கோலம் பழகும் சிறுமிக்கு நாம் என்ன செய்கிறோம்? முதலில் புள்ளி எல்லாம் நாமே வைத்து, கையைப் பிடித்துக் கோடு இழுக்கிறோம். பிறகு பாதிப் புள்ளி. பிறகு வெறும் தரை. "நான் செங்கல்பட்டு மாமா வந்திருக்கேன்பா" என்று சொல்லிக்கொண்டு வந்தால் அது ஒரு புள்ளி. பத்து முறை வந்த பிறகு "செங்கல்பட்டு…" என்று இழுத்து நிறுத்தினால் போதும், மீதியை அவன் போட்டுவிடுவான்.

இன்வெர்ட்டர் வீடு

எல்லாவற்றையும்விட வெளியே தெரியாதது களைப்பு. மூளை உடம்பின் எடையில் இரண்டு சதவீதம்தான். உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அடிபட்ட மூளை அதே வேலையைச் சுற்றுவழியில் செய்கிறது, அதனால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேன், இரண்டு லைட் தாராளமாக ஓடும். யாராவது மிக்ஸியைப் போட்டால் கீ என்று கத்திவிட்டு எல்லாமே அணைந்துபோகும்.

தம்பிக்கு மிக்ஸி என்பது ஒரே நேரத்தில் டி.வி., குக்கர் விசில், இரண்டு பேர் பேச்சு, வெளியே ஓ.எம்.ஆர். ஹாரன். எல்லாம் சேர்ந்தால் கட். முகம் வெளுத்து, பேச்சு குழறிவிடும். அதனால் கஷ்டமான வேலையெல்லாம் காலையில், பேட்டரி நிறைந்திருக்கும்போது. ஒரு நேரத்தில் ஒரு வேலை. மத்தியானம் முக்கால் மணி நேரம் இருட்டறையில் படுக்கை. ஒரு நல்ல நாள் வந்துவிட்டால், அன்றைக்கே திருப்போரூர் கோயிலுக்கும் போய், திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் துணிக்கடைக்கும் போய்விட்டு வரலாம் என்று எங்களுக்கு ஆசை வரும். போனோம். அடுத்த இரண்டு நாள் அவன் கட்டிலை விட்டு எழவில்லை.

சுற்றுவழி

சரி, அறுந்த இழை எப்படித்தான் ஒட்டுகிறது? பெரும்பாலும் ஒட்டுவதில்லை. மூளை வேறு வழி கண்டுபிடிக்கிறது. மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் பாதி ரோட்டை அடைத்தபோது நாம் என்ன செய்தோம்? கேளம்பாக்கத்தில் திரும்பி, கோவளம் போய், ஈ.சி.ஆர். பிடித்தோம். முதல் நாள் வழி கேட்டுக் கேட்டுப் போனோம். பத்தாவது நாள் வண்டி தானாகத் திரும்பியது. மூளைக்குள் முதலில் இருப்பது வரப்பு மேல் ஒற்றையடிப் பாதை. நடக்க நடக்க அது வண்டிப்பாதை ஆகிறது. நடக்காவிட்டால் புல் மூடிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையைத்தான் பழக வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கினால் பந்து அமுக்க வரும். டீ ஆற்ற வேண்டுமானால் டீதான் ஆற்ற வேண்டும். நாங்கள் முதல் இரண்டு மாதம் வெறும் தண்ணீரை ஆற்றவைத்தோம். இரண்டாவது, நாம் செய்துகொடுக்கிற ஒவ்வொரு வேலையும் அவன் நடக்காமல் விட்ட பாதை. அம்மா பாசத்தில் ஊட்டிவிட்டாள், சட்டை பட்டன் போட்டுவிட்டாள். அவளுக்கு ஐந்து நிமிஷ வேலை; அவன் செய்தால் அரை மணி. அந்த அரை மணியைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த வைத்தியத்திலேயே கஷ்டமான பாகம் என்பது என் அனுபவம்.

பேச்சிலும் சுற்றுவழி உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கம். ராகத்துக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. "தண்ணி" என்று கேட்க வாய் வராத நாளில் தம்பி அம்மாவோடு சேர்ந்து கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்தான். ஒன்று இரண்டு மூன்று எண்ணினான், கிழமைகளை ஒப்பித்தான். வீட்டில் எல்லோரும் அதிசயம் என்றார்கள். மனப்பாடமும் பாட்டும் வேறு வாசல் வழியாக வருகின்றன. அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் 2011 ஜனவரியில் தலையில் குண்டடி பட்டுப் பேச்சிழந்தபோது, தெரபிஸ்ட் அவரைப் பாட்டின் வழியாகத்தான் பேச்சுக்குக் கூட்டிவந்தார். நாங்களும் "அம்மா தண்ணி வேணும்" என்பதை ஒரு தாலாட்டு மெட்டில் போட்டுப் பழக்கினோம். ஒரு மாதம் பாடிக் கேட்டான். பிறகு மெட்டு தேய்ந்து, பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

உப்பளக் கணக்கு

"எவ்வளவு நாள் ஆகும்?" கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டோரம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். உப்புநீரைப் பாத்தியில் விட்டதும் முதலில் சரசரவென்று வற்றும். அப்புறம் பல நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்த நாட்களில்தான் நீர் கெட்டிப்பட்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு பரல் தெரிய ஆரம்பிக்கும். டாக்டர்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று சொல்வது அந்த முதல் வேகத்தை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும் என்று அர்த்தமில்லை. வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் பாத்தி கலங்கும். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், இரண்டு ராத்திரி தூக்கமின்மை, இதெல்லாம் தம்பிக்கு மழை. போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்ய மாட்டான். காய்ச்சல் போனதும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

ஆனால் எல்லா மந்தமும் மழை இல்லை. நன்றாகத் தேறிவந்தவர் நடையில் தேய்ந்து, சிறுநீர் கட்டுப்படாமல், பேச்சு குறைந்து போனால் காத்திருக்காதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள அந்த ஒரு டம்ளர் நீர் அப்படியே நிற்பதில்லை. நாளுக்கு அரை லிட்டர் போலப் புதிதாக ஊறி, பழையது வடிகிறது. அடிபட்டதில் அந்த வடிகால் அடைத்துக்கொண்டால் சிங்க் மாதிரி உள்ளே நீர் தேங்கும். ஒரு மெல்லிய குழாய் வைத்து வயிற்றுக்குத் திருப்பிவிட்டால் ஆள் பெரும்பாலும் மறுபடி தேறுவார். இதை 'விதி' என்று விட்டுவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

வலிப்பும் வரலாம், மாதங்கள் கழித்துக்கூட. கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். அது இரும்பு, அவ்வளவுதான். அதற்கு ஒரு சக்தியும் இல்லை. வாயிலும் ஒன்றும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது அடுத்தடுத்து வந்தால் 108.

இனி, யாரிடம் போவது. படூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே, ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவளம் வழியாகப் போய்விடலாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நடக்க முடியாதவருக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுக்கென்று தனி வளாகம் 1966-லிருந்து இயங்குகிறது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2016-ஆம் வருஷச் சட்டத்தின் 21 வகைகளில் 'தலைக்காயம்' என்று தனியாக ஒரு வரி இல்லை. கைகால், பேச்சு, நீடித்த நரம்புக் கோளாறு என்று அதன் விளைவுகளைத்தான் மதிப்பிடுவார்கள். கோபமும் மறதியும் கண்ணுக்குத் தெரியாதவை. அதனால் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. பந்தி முடிந்து சமையல்காரர்கள் சாப்பிட உட்காரும்போது ரசம்தான் மிச்சமிருக்கும் என்பார் அப்பா. அம்மா இரண்டு வருஷம் அந்தப் பந்தியில்தான் சாப்பிட்டாள். சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது. மகன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவனை நினைத்து அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. செத்தவருக்குப் பதினாறாம் நாள் உண்டு. உயிரோடு இருந்தும் பழைய ஆளாக இல்லாதவருக்குச் சடங்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவனுடைய பழைய போட்டோவை எடுத்து அழுது தீர்த்தாள். அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான், புதன்கிழமை சாயங்காலம் சித்தி என்று முறை போட்டுக்கொண்டோம். புதன்கிழமை அம்மா பக்கத்து வீட்டு அத்தையோடு சீரியல் பார்க்கிறாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது.

பதினாறு வரித் தாளில் இப்போது பதினான்கு அவன் செய்கிறான். ஏழாவது வரிக்கு, அதாவது பக்கத்திலேயே நிற்பதற்கு, அடுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டோம். அதில் உட்கார்ந்தால் வாசல் தெரியாது. சர்க்கரை மட்டும் சில நாள் இரண்டு முறை விழுகிறது. அப்பா அதையும் குடித்துவிடுகிறார்.

இந்த மாதம் புதிய தாள் ஒட்டியிருக்கிறோம்: கடைக்குப் போய்ப் பால் வாங்குவது, பன்னிரண்டு வேலை. பை எடுப்பது, ஐம்பது ரூபாயை மடித்துச் சட்டைப் பையில் வைப்பது, கேட்டைச் சாத்துவது வரை அவனே. சில்லறை எண்ணுவதற்குக் கடைக்காரர் பொறுமையாக நிற்கிறார். நான் பத்தடி பின்னால் நடக்கிறேன், தெரிந்தும் தெரியாத மாதிரி. ஐந்தாவது வரி ரோட்டைக் கடப்பது. அந்த வரிக்கு எதிரே இன்னும் என் பெயர்தான் எழுதியிருக்கிறது.